இசக்கி ஒன்பதின் ஈரத் தடம்

ஏப்ரல் 2, புதன்

வருகிறது, வருகிறது, இசக்கியம்மாள் பெயரிலேயே ஒரு கூடைப்பந்து ஷூ வருகிறது, நம்ம ஒன்பதாம் நம்பர் இசக்கி அக்கா, அவள் பெயர், ஷூவில், தப்புத் தப்பாக அடிக்கிறேன்!

மூச்சு வாங்கிக்கொண்டு எழுதுகிறேன். காலையில் தாஹிர் அண்ணன் ஒரு படம் அனுப்பினார். வெள்ளை ஷூ. பக்கவாட்டில் சிவப்பு நூலில் 'இசக்கி 9' என்று தமிழிலேயே தைத்திருக்கிறது. தாஹிர் அண்ணன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சோல் ஒட்டும் பிரிவில் இருக்கிறார். நானும் அவரும் சேர்ந்துதான் 'இசக்கி படை' பேஜை நடத்துகிறோம். இதுவரை நேரில் பார்த்துக்கொண்டதில்லை. 'தாவு' என்று புதிதாக ஒரு பிராண்டாம். அவர்களுக்கு அண்ணன் கம்பெனிதான் தைத்துக் கொடுக்கிறதாம். சித்திரை ஒன்றாம் தேதி வரைக்கும் மூச்சுவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

பேஜில் போட முடியாது. போடாமலும் இருக்க முடியாது. அதனால் இன்றிலிருந்து போனிலேயே ஒரு டைரி. நாளைக்கு யாராவது இசக்கி அக்காவின் வரலாறு எழுதினால் உதவும்.

அப்படி எழுதப்போகிறவர்களுக்கு: என் பெயர் சுருளீஸ்வரி, வீட்டில் சுருளி. தேனிப் பக்கம் வைகைப்பட்டி. பந்தை எடுத்தால் எனக்கு வளையத்தைத் தவிர எல்லாவற்றிலும் படும். ஆனால் ஆட்ட விதி, எடிட்டிங், தம்ப்நெயில், எல்லாம் போனைப் பார்த்து நானே கற்றுக்கொண்டது. அம்மா இட்லி மாவு அரைத்து விற்கிறாள். நான் பாக்கெட் போடுகிறேன், கிரைண்டர் கழுவுகிறேன், மிச்ச நேரமெல்லாம் இசக்கி அக்கா.

ஏப்ரல் 9, புதன்

உளுந்து ஊறவைக்க மறந்தேன். திட்டு. சத்தியத்தைக் காப்பாற்றுகிறேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. ஊரெல்லாம் பாயசம், நான் மட்டும் போனும் கையுமாக வாசலில். தாவுவின் இணையதளம் திறந்ததும் உறைந்துவிட்டது. மறுபடி திறந்தால் என் சைஸ் ஒன்றே ஒன்று. அழுத்தினேன். கிடைத்தது! மத்தியானத்துக்குள் எல்லாம் தீர்ந்துவிட்டதாக அறிவித்தார்கள். பட்டன் அழுத்தியபோது நான் போட்ட கூச்சலில் அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள்.

"என்னமோ ஏதோன்னு வந்தேன். ஒரு சோடி செருப்புக்கா இந்தக் கத்து?"

அம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வது? பொருநை அணிக்கு ஆடுகிற ஒரு நெல்லைப் பெண். பள்ளிக்கூடத்துச் சிமெண்டுத் தரையில் ஆடிப் பழகியவள். இந்த ஊர்ப் பையன்கள் அவள் பெயர் போட்ட ஷூவை வாங்கச் சண்டை போடுகிறார்கள். இது இதுவரைக்கும் நடக்காதது.

சாயங்காலம் என் ரீலைத் தாவு கம்பெனியே பகிர்ந்தது. அங்கே விளம்பர வேலை பார்க்கிற ரோஷன் சார் எனக்கே மெசேஜ் போட்டார்: நீங்கள் எங்கள் குடும்பம் மாதிரி. ஸ்க்ரீன்ஷாட் எடுத்துத் தாஹிர் அண்ணனுக்கு அனுப்பினேன். அவர் வெறும் கட்டைவிரலைத் திருப்பி அனுப்பினார். அவர் எப்போதுமே கொஞ்சம் அப்படித்தான்.

ஏப்ரல் 21, திங்கள்

வந்துவிட்டது. பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். புது ரப்பர், புது பசை. ஆனால் மேலே தையலைவிட அடியில்தான் அழகு. சோல் முழுக்கப் பனையோலை விசிறி மாதிரி கோடு கோடாக விரிகிறது, அக்கா ஊர்ப் பனை. இதை எதற்கு அடியில் வைத்தார்கள், யார் பார்க்கப்போகிறார்கள் என்று வருத்தமாகக்கூட இருந்தது.

கழற்ற மனமில்லாமல் மாவு கொடுக்கவும் அதையே போட்டுக்கொண்டு போனேன். வாளியிலிருந்து தளும்பி வலது ஷூ மூக்கில் மாவு தெறித்துவிட்டது. துடைத்தும் ஒரு திட்டு நிற்கிறது. பரவாயில்லை, திருஷ்டிப் பொட்டு.

மாலையில் ஸ்கூல் கிரவுண்டில் போட்டு ஓடிப் பார்த்தேன். திரும்பும்போது சர்ரென்று வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். நான்தான் சரியாக ஊன்றவில்லை. எனக்குக் கால் தடுமாறுவது புதிதில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

மதுரை மாட்டுத்தாவணியில் அக்காவின் பேனர்! ரங்கநாயகி அத்தை வீட்டு விசேஷத்துக்குப் போனபோது பார்த்தேன். பஸ்ஸைவிடப் பெரிய முகம். கீழே 'மண்ணிலிருந்து தாவு' என்று எழுதியிருக்கிறார்கள். மீசை வைத்த ஒரு அண்ணன் காலில் இசக்கி 9. ஆம்பளை காலில் பொம்பளை பெயர். நான் நின்று பார்த்துக்கொண்டே இருந்ததில் அவர் ஒரு மாதிரி பார்த்தார், அத்தை கையைப் பிடித்து இழுத்துப் போனாள். இரண்டாவது தொகுப்பும் தீர்ந்துவிட்டது. பேஜில் கூட்டம் கூடிக்கொண்டே போகிறது.

கூட்டம் கூடினால் பொறாமைக்காரர்களும் வருவார்கள். 'வழுக்குது' என்று ஒருத்தர் கமெண்ட் போட்டிருந்தார். ஆடத் தெரியாமல் ஷூவைக் குறை சொல்கிறார். மறைத்துவிட்டேன். இன்னொருத்தி முழங்கால் சிராய்ப்பைப் படம் எடுத்துப் போட்டிருந்தாள். அக்கா பேஜில் ரத்தம் எதற்கு? அதையும் மறைத்தேன். அழிக்கவில்லை, மறைக்க மட்டும்தான் செய்தேன். அழித்தால் பாவம்.

ஏப்ரல் 30, புதன்

இன்றும் சில கமெண்ட்கள். மறைத்தேன். கிரைண்டர் பெல்ட் அறுந்துவிட்டது.

மே 3, சனி

தாஹிர் அண்ணன் கூப்பிட்டார். வழுக்குகிறதென்று யாராவது சொல்கிறார்களா என்று கேட்டார். ஒன்றிரண்டு வெட்டிப்பயல்கள் என்றேன். சரி என்று வைத்துவிட்டார். எதற்குக் கேட்டார் என்று நான் கேட்கவில்லை.

மே 9, வெள்ளி

என் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய வாரம் வராது. எங்கள் ஊர் மே மாதப் போட்டிக்குப் பொருநை அணி வருகிறது!

வரலாறு எழுதுகிறவர்களுக்கு: எங்கள் போட்டி வெட்டவெளியில், சிமெண்டுத் தரையில், லைட் போட்டு நடக்கும். அணிகளைக் கல்யாண மண்டபத்தில் தங்கவைத்துச் சாப்பாடு போடுவது ஊர் வழக்கம். இந்த முறை மண்டபத்து இட்லிக்கு மாவு எங்கள் அம்மாவுடையது. இசக்கி அக்கா எங்கள் மாவில் இட்லி சாப்பிடப்போகிறாள்.

இன்னொன்று. மலைக்காற்றில் மணல் வந்து தரையில் படிந்துகொண்டே இருக்கும். அதனால் ஆடுகளத்தின் மூலையில் ஒரு ஈரச் சாக்கு போட்டிருப்பார்கள். ஆடுகிறவர்கள் அதில் இரண்டு மிதி மிதித்துவிட்டு உள்ளே போனால் ஷூ தரையைப் பிடிக்கும். அந்தச் சாக்குக்குத் தண்ணீர் ஊற்றும் வேலைக்கு ஆள் கேட்டார்கள். விளையாட்டுக் கழகத்து அண்ணன் கேட்டு முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன். ஒரு கை தூரத்தில் அக்கா வந்து நிற்பாள்.

மே 15, வியாழன்

நின்றாள்.

டிவியில் தெரிவதைவிடக் கறுப்பு, உயரம், நெற்றியில் ஒரு வெட்டுத் தழும்பு. சாக்கில் இரண்டு மிதி, உள்ளே ஓடினாள். நான் மக்கில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தேன். பொருநை ஜெயித்தது. ஒவ்வொரு முறை அவள் கால் எடுத்து வைத்துப் போனதும் சிமெண்டில் ஈரத் தடம் விழும், வெயில் குடித்த தரை அதை உடனே உறிஞ்சிவிடும். என்னால் தாங்க முடியவில்லை. கடைசி முறை அவள் மிதித்துவிட்டுப் போனதும் தடம் காய்வதற்குள் போனில் எடுத்துவிட்டேன். உடனே என் ஷூவையும் நனைத்துப் பக்கத்திலேயே ஒரு தடம் வைத்து இரண்டையும் சேர்த்து எடுத்தேன். அக்காவும் நானும் பக்கத்துப் பக்கத்தில்!

வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு ஆச்சரியம். என் தடத்தில் பனையோலை. அக்கா தடத்தில் ஓலையே இல்லை. ஆழமான நெளிகோடுகள், பாம்பு பாம்பாக. அப்படியானால் அவளுக்கென்றே தனி சோல் செய்து கொடுத்திருக்கிறார்கள்! இதை முதலில் கண்டுபிடித்தது நான்!

மே 16, வெள்ளி

காலையில் பதிவிட்டேன். 'இசக்கி அக்காவுக்கு மட்டும் ஸ்பெஷல் சோல்! வித்தியாசத்தைப் பாருங்கள்!' சிவப்பு வட்டம், அம்புக்குறி எல்லாம் போட்டு. மாவு பாக்கெட் கட்டி முடிப்பதற்குள் இதுவரைக்கும் வராத அளவு பார்வை.

மத்தியானம் வேறொரு பேஜ் என் படத்தை எடுத்துப் போட்டது. தலைப்பு: 'தன் பெயர் போட்ட ஷூவைத் தானே போடாத வீராங்கனை.'

எனக்கு முதலில் புரியவில்லை. கமெண்ட்களைப் படிக்கப் படிக்கத்தான் புரிந்தது. அது தனி சோல் இல்லையாம். எல்லாக் கடையிலும் கிடைக்கிற வேறொரு பழைய ஷூவின் சோல். மேலே இசக்கி 9, அடியில் யாரோ. 'நமக்கு வழுக்குறத வித்துட்டு அவ வழுக்காததப் போடுறா' என்று ஒருத்தன். அதற்குக் கீழே ஆயிரம் கை தட்டல்.

பதிவை எடுத்துவிட்டேன். ஆனால் அது ஊரெல்லாம் போய்விட்டது. என் சிவப்பு வட்டத்தோடு, என் அம்புக்குறியோடு.

சாப்பிடவில்லை. தலைவலி என்று சொல்லியிருக்கிறேன்.

மே 17, சனி

ரோஷன் சார் கூப்பிட்டார். கோபப்படவேயில்லை, அதுதான் பயமாக இருந்தது. ஒரு சின்ன வீடியோ போதும் என்றார். அக்கா போட்டிருந்தது அடுத்து வரப்போகிற இரண்டாம் மாடலின் சோதனை ஜோடி, எனக்கு முன்னாலேயே தெரியும், ஆர்வக்கோளாறில் ரகசியத்தை உடைத்துவிட்டேன், இப்படிச் சொல்ல வேண்டுமாம். சொன்னால் 'இசக்கி படை'யைக் கம்பெனியின் அதிகாரபூர்வப் பேஜாக அறிவிப்பார்களாம். அப்படி ஒரு இரண்டாம் மாடல் உண்மையிலேயே வருகிறதா என்று கேட்டேன். வரலாம் என்றார்.

பிறகு தாஹிர் அண்ணன் கூப்பிட்டார். ரோஷன் சார் கேட்ட வீடியோவைப் பற்றிச் சொன்னேன். தாவுவுக்குத் தைக்கிற லைனைத் திங்கள்கிழமை நிறுத்தி வைக்கப்போவதாகப் பேச்சு. லைனில் முக்கால்வாசி பெண்கள்.

"நான் உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டன் தங்கச்சி," என்றார். "வீடியோ போடுன்னும் சொல்ல மாட்டன், போடாதன்னும் சொல்ல மாட்டன். ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. அந்த சோல் ஒட்டுனதே நான்தான். அது மரத் தரைக்குப் போடுற ரப்பர். சிமெண்டுக்கு வேற ரப்பர்ல ஒரு சாம்பிள் பண்ணோம், ஆழமா கோடு போட்டு. கனம் ஜாஸ்தி, போட்டோல பார்வையா இல்லன்னு வுட்டாங்க. அச்சு இன்னும் ரேக்லதான் கெடக்குது."

மே மூன்றாம் தேதி எதற்குக் கேட்டார் என்று இப்போது புரிகிறது.

வீடியோவை எடுத்துவிட்டேன். நன்றாகவே வந்திருக்கிறது, முகத்தில் வெளிச்சம் சரியாக விழுந்திருக்கிறது. இன்னும் போடவில்லை. டிராஃப்டில் இருக்கிறது.

மே 18, ஞாயிறு

அம்மாவுக்கு இடுப்பு வலி. மண்டபத்துக்கு மாவு வாளியை நான்தான் கொண்டுபோனேன். சமையல்கட்டுக்குப் பின்வாசல் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே படியில் உட்கார்ந்து கணுக்காலில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தாள், இசக்கி அக்கா.

மாவு இறக்க வந்தேன் என்றேன். பேஜ் நடத்துகிறவள் என்று சொல்லவில்லை. யாரிடமாவது பேசினால் போதும் என்கிற மாதிரி அவளே பேசினாள். ஏப்ரலில் முதல் ஜோடி வந்ததும் பாளையங்கோட்டையில் பயிற்சியில் போட்டிருக்கிறாள். முதல் நாளே வழுக்கிக் கணுக்கால் பிசகிவிட்டது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஷூ தைக்கிறவரிடம் கொடுத்துத் தன் பழைய ஷூவின் சோலைக் கழற்றி இதில் ஒட்டவைத்துக்கொண்டாளாம். கம்பெனியிடம் சோலை மாற்றுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள்.

நான் ஏதாவது கேட்க வேண்டுமே என்று, அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"குறை சொல்லி ஒருத்தரும் எழுதலங்கானுவ. 'உங்க ஃபேன் பேஜைப் பாருங்க மேடம், அவ்வளவு பேரு இருக்காங்க, வழுக்குதுன்னு ஒத்த கமெண்ட் இருக்கா'ன்னு போனைக் காட்டுதான் அந்த ரோஷன். நானும் பாத்தேன். ஒண்ணுகூட இல்ல. அப்ப எனக்கு மட்டுந்தான் வழுக்குதோன்னு நானே நெனச்சுட்டேன், பாத்துக்க."

வாளிக் கைப்பிடி என் கையில் அழுந்திக்கொண்டிருந்தது. அவள் என் காலைப் பார்த்தாள்.

"மாவு காஞ்சு ஒட்டியிருக்கு, ஷூவுல," என்றாள்.

எப்போதோ பட்டது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள். மாவைச் சமையல்கட்டில் கவிழ்த்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். சைக்கிளில் போனது வீட்டுக்கு வந்தபிறகுதான் ஞாபகம் வந்தது. திரும்பப் போய் எடுத்துவந்தேன். அவள் படியில் இல்லை.

மே 19, திங்கள்

அரையிறுதியில் பொருநை ஜெயித்தது. ஒவ்வொரு முறை அக்கா சாக்குக்கு வரும்போதும் கூட்டத்திலிருந்து சிலர் 'சோலைக் காட்டு, சோலைக் காட்டு' என்று கத்தினார்கள். நம் ஊர்க்காரர்கள். எனக்குத் தெரிந்த முகங்கள். என் பேஜில் இருக்கிறவர்கள்.

ஆட்டம் முடிந்ததும் தாவு கம்பெனி அறிவித்தது: 'வதந்திகளுக்கு முற்றுப்புள்ளி. இறுதிப் போட்டியில் இசக்கி, கடையில் விற்கும் அதே இசக்கி 9-இல் ஆடுவார். நேரலையில் பாருங்கள்.'

அவள் கணுக்கால் ஏற்கெனவே பிசகியது. அந்தச் சோல் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஏப்ரலில் நான் வழுக்கி உட்கார்ந்த இடம் இன்னும் வலிக்கிறது.

மே 20, செவ்வாய்

இன்று மறைத்த கமெண்ட்களை எல்லாம் எடுத்துப் படித்தேன். இதுவரைக்கும் முழுதாகப் படித்ததில்லை. 'வழு' என்று பார்த்ததுமே விரல் தானாகப் போய்விடும்.

வெட்டிப்பயல்கள் இல்லை. உடுமலைப்பேட்டை ஸ்கூல் டீமில் ஆடுகிற ஒரு பெண், மழை பெய்யாத நாளில்கூட நிற்க முடியவில்லை அக்கா, நான் தப்பாகப் போட்டிருக்கிறேனா என்று கேட்டிருக்கிறாள். விழுப்புரத்தில் ஒருத்தர் தங்கைக்குப் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்திருக்கிறார், கைக்கட்டோடு அவள் படம். எல்லாரும் எவ்வளவு மரியாதையாக எழுதியிருக்கிறார்கள். முக்கால்வாசிப் பேர் கடைசியில் அக்காவுக்கு ஒரு இதயம் வேறு போட்டிருக்கிறார்கள்.

அத்தனை பேருமே தங்களுக்குத்தான் ஆடத் தெரியவில்லை என்று நினைத்திருக்கிறார்கள்.

டிராஃப்டை அழித்தேன். ரோஷன் சார் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எவனையாவது லவ் பண்றியா, சொல்லித் தொலை என்றாள். இல்லை, ஷூதான் என்றேன். அதற்கு லவ்வே பரவாயில்லை என்று போய்விட்டாள்.

மே 21, புதன்

மதியத்திலிருந்தே சாக்கை நனைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு சாக்கு போட்டேன், ஒன்றின்மேல் ஒன்று. குடத்தில் தண்ணீர், பக்கத்தில் இன்னொரு குடம். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

ரோஷன் சார் கேமராவோடு வந்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார், யாரென்று தெரியாமல்தான். பெட்டி பிரிக்காத ஜோடியை எல்லாரும் பார்க்கும்படி பெஞ்சில் வைத்துப் பிரித்தார்கள். அக்கா போட்டுக்கொண்டு சாக்குக்கு வந்தாள். குனிந்து லேஸ் கட்டுகிற மாதிரி நின்று, என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"நல்லா ஊத்துட்டி."

ஊற்றினேன்.

"அந்தத் தடம் போட்டோவுல ஓரமா உன் ஷூ மூக்கு இருக்கு. மாவோட. அன்னைக்கே கண்டுக்கிட்டேன்."

அக்கா, அந்தக் கமெண்ட்களை மறைத்ததே நான்தான் என்று சொல்ல வந்தேன். சொல்லியும் விட்டேன். வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. எவ்வளவு பேர் என்று கேட்டாள். நிறையப் பேர் என்றேன். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அப்ப எனக்கு மட்டும் இல்ல," என்றாள். விசில் அடித்தார்கள், ஓடிவிட்டாள்.

முதல் பாதி முழுக்க ஒன்றும் ஆகவில்லை. அதுதான் கொடுமை. ஒவ்வொரு முறை பந்து வெளியே போகும்போதும் ஓடிவந்து சாக்கை மிதித்தாள். ஆறேழு தப்படிக்கு மேல் ஈரம் தாங்காது. அதற்குள் திரும்ப வேண்டியதைத் திரும்பினாள், தாவ வேண்டியதைத் தாவினாள், மற்ற நேரமெல்லாம் பனிக்கட்டிமேல் நடக்கிற மாதிரி நடந்தாள். ரோஷன் சார் கேமராவைப் பார்த்து, பார்த்தீர்களா, ஒரு வழுக்கல் உண்டா என்று பேசிக்கொண்டிருந்தார். நான் என் கால்விரல்களை மடக்கி மடக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவளுக்குப் பதிலாக.

மூன்றாவது கால்பகுதி ஆட்டத்தில் பந்தைத் தட்டிப் பறித்துக்கொண்டு தனியாக ஓடினாள். சாக்கு எதிர்மூலையில் கிடந்தது. வளையத்துக்குக் கீழே வலது காலை ஊன்றித் திரும்பினாள், கால் திரும்பவில்லை, போய்க்கொண்டே இருந்தது.

அவள் விழுந்த சத்தம் ஸ்பீக்கர் சத்தத்தையும் மீறிக் கேட்டது. 'சோலைக் காட்டு' என்று கத்தியவர்கள்கூட எழுந்து நின்றார்கள். அவள் ஷூ அடியிலிருந்த பனையோலை, விளக்கு வெளிச்சத்தில் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டார்கள்.

இரண்டு பேர் தோள்கொடுத்துப் பெஞ்சுக்குக் கூட்டிப்போனார்கள். கணுக்காலைக் கட்டினார்கள். அவள் பையைத் திறந்து பழைய ஜோடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். ரோஷன் சார் ஓடிப்போய்க் குனிந்து ஏதோ சொன்னார். அவள் லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு நொண்டிக்கொண்டே என் மூலைக்கு வந்தாள். சாக்கில் நின்று நன்றாக மிதித்தாள். உள்ளே ஓடவில்லை. கேமரா இருந்த பக்கமாக, கோட்டுக்கு வெளியே, மெதுவாக, கல்யாணப் பெண் மாதிரி நடந்தாள். ஒவ்வொரு எட்டிலும் நெளிகோட்டுத் தடம். கேமராக்காரர் தானாகவே கேமராவைத் தரைக்கு இறக்கினார். ரோஷன் சார் கையால் லென்ஸை மறைக்கப் போனார், மறைக்காமல் நின்றுவிட்டார். கடைசித் தடம் விழுந்தபோது முதல் தடம் காய்ந்து போயிருந்தது.

அந்தக் காலோடு கடைசிவரை ஆடினாள். இரண்டு புள்ளியில் தோற்றார்கள்.

மே 22, வியாழன்

எலும்பு முறியவில்லை, தசைநார் கிழிந்திருக்கிறது என்று மண்டபத்துச் சமையல்காரர் அம்மாவிடம் சொன்னாராம். பொருநை அணி விடிந்ததும் வேனில் கிளம்பிவிட்டது. அம்மா ஒரு டப்பா இட்லிப்பொடி கொடுத்தனுப்பினாளாம். என்னிடம் இப்போதுதான் சொல்கிறாள். "அந்தப் பிள்ளைக்குத்தான் குடுத்தேன். உன்னால வந்த வினைதான, நம்ம கையால ஒண்ணு போகட்டும்னு." அம்மாவுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை.

தாவு பேஜில் ஒன்றுமே இல்லை. ஆம்பூரில் லைன் நின்றுவிட்டது. தாஹிர் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் பார்க்கலாம் என்று வைத்துவிட்டார். 'அப்புறம்' என்றால் என்ன என்று நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மே 24, சனி

இன்று காலை பேஜுக்கு ஒரு குரல் செய்தி வந்தது. அக்கா குரல்.

"ஏட்டி மாவு, நான் வர்ற வெள்ளிக்கிழம ஆம்பூர் போறேன். ஒப்பந்தத்தக் கிழிக்க இல்ல. என் பேரு போட்ட ஷூ நிக்கணும், எனக்கு அது வேணும். ஆனா நம்ம தரையில நிக்கணும். ஒரு ஆளா போய்ப் பேசினா 'உங்களுக்கு மட்டுந்தான் மேடம்'பானுவ. நீ மறைச்சு வச்சியே, அவங்க எல்லாரும் எனக்கு வேணும்."

பலமுறை கேட்டேன். தாஹிர் அண்ணனுக்கு அனுப்பினேன். பயந்துகொண்டேதான் அனுப்பினேன். பதில் வருவதற்குள் கிரைண்டர் கழுவி முடித்துவிட்டேன். ரேக்கிலிருக்கும் அந்தச் சிமெண்டு சோல் அச்சின் படத்தை அனுப்பியிருந்தார். தூசி துடைத்திருந்தது. லைன் பெண்களும் வெள்ளிக்கிழமை வாசலில் வந்து நிற்கிறோம் என்கிறார்களாம், புதுச் சோலுக்கு ஆர்டர் வந்தால் லைன் ஓடும். "சீக்கிரம் ஆள சேருப்பா," என்று மட்டும் எழுதியிருந்தார்.

அதனால்தான் இந்த டைரியை ஏப்ரல் இரண்டிலிருந்து அப்படியே பேஜில் போடுகிறேன். மறைத்த எல்லாக் கமெண்ட்களையும் திறந்துவிட்டேன், போய்ப் பாருங்கள். உங்களுடையது இருந்தால், மன்னியுங்கள். நீங்கள் சரியாகத்தான் ஊன்றினீர்கள்.

இசக்கி 9 போட்டு வழுக்கியவர்கள் எல்லாரும் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு மக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு நீங்கள் ஆடுகிற தரைக்குப் போங்கள். ஷூவை நனைத்து ஒரு மிதி மிதியுங்கள். அந்தத் தடத்தைப் படம் எடுத்து, ஊர் பெயரும் உங்கள் பெயரும் போட்டு இங்கே அனுப்புங்கள். பக்கத்து ஊர்க்காரர்களிடமும் சொல்லுங்கள். வர முடிந்தவர்கள் வெள்ளிக்கிழமை ஆம்பூருக்கு வாருங்கள், நானும் வருகிறேன், மாவுக் கறையோடு. வர முடியாதவர்கள் தடத்தையாவது அனுப்புங்கள்.

வெயில் கடுமையாக இருக்கிறது. காய்வதற்குள் எடுத்துவிடுங்கள்.